வேண்டாம் லெட்டர்

– முன்னூத்தி நாப்பது ரூபா. அவ்ளோதான் சரோஜா. பெயிண்டரையே கேட்டுட்டேன். எழுத்துக்கு இருபது ரூபா மேனிக்குப் பேரு, டிகிரி, தேதி எல்லாம் சேத்து முன்னூத்தி நாப்பது. டீன் ரூம் பலகையில ஒரு வரியோட விலை அதுக்கு மேல பெறாது.

– தங்க முலாம் சேத்தா?

– சேத்துத்தான். அதுக்காக ஒருத்தர் அலையணுமா, சொல்லு. வெறும் பெயிண்ட்.

– எங்கப்பா பனகல் பார்க் பக்கத்துல முப்பது வருஷம் பாத்திரக்கடை வெச்சிருந்தாரு, பத்ரி சார். குடத்தைத் தட்டிப் பாத்து ‘சத்தம் சரியில்லையே’ன்னு சொல்றவன்தான் வாங்க வந்தவன்னு சொல்வாரு. வேடிக்கை பாக்க வந்தவன் ‘நல்ல குடம்’னு சொல்லிட்டுப் போயிடுவானாம். நீங்க சென்ட்ரல்லேர்ந்து பெட்டியோட நேரா என் வீட்டுக்கு வந்திருக்கீங்க. அதுவும் ஞாயித்துக்கிழமை.

– பெங்களூர் மெயில் லேட்டு. மயிலாப்பூர்ல எங்க ஆத்துக்குப் போய்க் குளிச்சுட்டு மறுபடி தி.நகர் வரணும்னா மத்தியானம் ஆயிடும். அதான். மச்சினர் பொண்ணு கல்யாணம், நாலு நாளா அங்கதான். பாரு சரோஜா, சுத்தி வளைக்கல. வெள்ளிக்கிழமை டீன் ரிடையர் ஆயிட்டார். அன்னிக்கு ராத்திரியே கோட்டையில வேலை பாக்கற என் ஷட்டகர், ஆத்துக்காரி தங்கை புருஷன், ஃபோன் பண்ணினார். அடுத்த டீன்னு உன் பேருக்கு ஆர்டர் கையெழுத்தாயிடுத்தாம்.

– அப்படியா.

– தபால்ல உன் கைக்கு வர புதன்கிழமை ஆகும். அதுக்குள்ள பேசிடலாம்னு ஓடி வந்தேன். சிம்பிள் விஷயம். யாரோ மதுரைக்காரன் ட்ரிப்யூனல் போய்க் கெடுத்து வெச்சிருக்கான். டீன் பதவிக்கு மட்டும், சர்வீஸ்ல சேந்தப்போ வாங்கின ராங்க்தான் கணக்குன்னு தீர்ப்பு. அதுல நீ ஏழு, நான் எட்டு. இல்லேன்னா சர்ஜரியில நான் உன்னைவிட மூணு வருஷம் சீனியர் ப்ரொபசர்.

– அந்த மூணு வருஷம் எப்படி சீனியர் ஆனீங்கன்னு பேசலாம். காபி வரட்டும். பாஞ்சாலி.

– தோ வந்துக்கினே கீறேன் டாக்டரம்மா. இந்தாங்கோ சார். சக்கர கம்மியாத்தான் போட்டேன். உங்களுக்கு அந்தக் காலத்துலயே சக்கர ஆவாதே.

– இது யாரு? தெரிஞ்ச மொகமா இருக்கே.

– அய்ய, மறந்துட்டீங்களா சார்? நம்ம ஆபரேசன் தேட்டர் ஆயா பாஞ்சாலி. ரிடையர் ஆயி நாலு வருசம் ஆவுது. டாக்டரம்மா வூட்ல சமையல் பண்ணிக்கினு இங்கயே கெடக்கறேன். உங்க செருப்பைத் தொடைச்சி தொடைச்சி என் முந்தானையே கிய்ஞ்சி போச்சி, நீங்க இன்னாடான்னா யாருங்கறீங்கோ.

– சரி சரி. சரோஜா, இவ இங்க இருக்கணுமா?

– இருக்கட்டும். நீங்க சொல்லுங்க.

– எனக்கு ஜூன் முப்பதோட ரிடையர்மெண்ட். எண்ணி இருபத்தெட்டு நாள். உனக்கு ஜூலை முழுசும் இருக்கு. நீ ‘பதவி வேண்டாம்’னு ஒரு லெட்டர் குடுத்துடு. ஜூன் எனக்கு, ஜூலை உனக்கு. அண்ணன் தங்கை மாதிரி பாகம் பிரிச்சுக்கலாம். ரெண்டு பேர் பேரும் பலகையில ஏறும்.

– ஒரு தடவை வேண்டாம்னு எழுதினா மூணு வருஷத்துக்கு எந்த லிஸ்ட்லயும் பேரு வராது. எனக்கு மிச்சம் ரெண்டு மாசம். இந்த ரூல் உங்களுக்குத் தெரியாதா சார்?

– அது... அதெல்லாம் ஷட்டகர்கிட்ட சொல்லி சரி பண்ணிக்கலாம்.

– தராசுத் தட்டுல விரலை வெச்சுக்கிட்டு எடை சரிங்கறீங்க.

– நீ ஏன் எப்பவும் கடைக்காரி மாதிரியே பேசற? ஊர்ல எல்லா லேடி டாக்டரும் எழுதிக் குடுக்கறதுதானே. ஈவ்லின் எழுதலையா? நாலு தடவை எழுதினா. சந்தோஷமாத்தான் இருக்கா.

– ஈவ்லின் சந்தோஷமா இருக்கான்னு உங்களுக்கு யாரு சொன்னது, அவ புருஷனா? ப்ரமோஷன்னா கூடவே ஒரு ட்ரான்ஸ்ஃபர் வரும். மதுரை, கோயம்புத்தூர், செங்கல்பட்டுன்னு. புருஷன் டெரிக் கிண்டி ஃபாக்டரியை விட்டு வரமாட்டான். மாமியாரு சாந்தோம் சர்ச்சை விட்டு வரமாட்டாங்க. நாலு தடவையும் அவதான் வேண்டாம்னு எழுதினா. இன்னிக்கு அவகிட்ட ஆபரேஷன்ல ரெட்ராக்டர் பிடிக்கக் கத்துக்கிட்ட பையன் அவளுக்கு ஹெட்டு. ‘ஈவ்லின், காபி சொல்லுங்க’ங்கறான்.

– அது அவா குடும்ப விஷயம்.

– நம்ம ஆபீஸ்ல ஷாஹுல் ஹமீதுன்னு ஒரு கிளார்க் இருந்தாரே, ஞாபகம் இருக்கா? அவர் ட்ராயர்ல ‘பதவி உயர்வு வேண்டாம்’னு சைக்ளோஸ்டைல் அடிச்ச ஃபாரம் ஒரு கட்டு எப்பவும் இருக்கும். பொம்பள டாக்டர் வாசல்ல தலை காட்டினா போதும், என்ன ஏதுன்னு கேக்கறதுக்கு முன்னாடி ட்ராயர் திறக்கும். பேரும் தேதியும் நிரப்பினா வேலை முடிஞ்சுது. ஆம்பளைங்க யாராவது கேட்டு வாங்கியிருக்காங்களான்னு ஒரு நாள் கேட்டேன். ‘ஒருத்தர் வாங்கினாரு மேடம், வடை மடிக்க’ன்னாரு.

– ஹாஸ்யம் நன்னாத்தான் இருக்கு.

– நம்ம பேட்ச்ல இருபத்தொம்பது பொண்ணுங்க. பிரசவ வார்டைத் தள்ளிட்டுச் சொல்லுங்க, எத்தனை பேரு ஒரு டிபார்ட்மெண்டுக்குத் தலைவி ஆனாங்க?

– பிரசவ வார்டைத் தள்ளிட்டா... யோசிக்கணும்.

– காபி ஆறிடும். யோசிக்காதீங்க. ஒருத்திகூட இல்ல. பலகையில இருபத்தாறு பேரு இருக்கு, இருபத்தாறும் மீசை.

– அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? நானா தடுத்தேன்?

– எண்பத்திரெண்டு மார்ச். தியேட்டர்ல குடல் அடைப்புக் கேஸ். வயித்தைத் திறந்து வெச்சிருக்கேன். நீங்க கதவண்ட வந்து நின்னு என்ன சொன்னீங்க?

– பதினாலு வருஷம் முன்னாடி சொன்னது யாருக்கு ஞாபகம் இருக்கும்.

– பாஞ்சாலி, உனக்கு?

– நல்லாக் கீது. ‘சரோஜா, உன்னை ப்ரொபசராப் போட்டுத் திருநெல்வேலிக்குத் தூக்கிட்டான், அஞ்சு மணிக்குள்ளாற வேணாம்னு எய்திக் குடுத்தா தப்பிச்சிக்கலாம், நானே கொண்டு போயி ஆபீஸ்ல குடுத்துர்றேன்’னு சொன்னீங்கோ. கையில காயிதம் ரெடியா வெச்சினு இருந்தீங்கோ. டாக்டரம்மா ஒத்தக் கை கிளவுஸைக் கய்ட்டிட்டு, என்னைக் குனியச் சொல்லி என் முதுவு மேல வெச்சித்தான் கையெழுத்துப் போட்டாங்கோ. பேனா சுருக்குன்னு குத்திச்சி. இந்த எடத்துல.

– என் பொண்ணுக்கு அப்போ பத்து வயசு. அடுத்த வாரம் இதய வால்வு ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருந்தாங்க. அது உங்களுக்கு நல்லாத் தெரியும்.

– தெரியும். அதனாலதானே ஓடி வந்து உதவி பண்ணினேன்.

– ஆர்டர்ல திருநெல்வேலி இல்ல.

– யாரு சொன்னா?

– மெட்ராஸ். இதே ஊரு, நம்ம ஆஸ்பத்திரியேதான். இந்த வாசல்லேர்ந்து பத்து நிமிஷம். நான் ‘வேண்டாம்’னதும் அடுத்த பேரு உங்களுது. மே மாசம் நீங்க அங்க ப்ரொபசரா உக்காந்தீங்க. நான் போயி உங்களுக்கு மாலை போட்டேன். சம்பங்கி மாலை. மாட வீதியில வாங்கினேன்.

– யாரு சொன்னான்னு கேட்டேன்.

– ஷாஹுல் ஹமீது. தொண்ணூத்திமூணுல, ரிடையர் ஆன அன்னிக்கு. ‘இத்தனை வருஷம் வயித்துல வெச்சிருந்தேன் மேடம்’னு அழுதாரு. ஆர்டர் காப்பியைத் தேடினேன். ஃபைல்ல அந்தப் பக்கம் மட்டும் இல்ல. கிழிச்ச ஓரம் இருக்கு.

– பாரு சரோஜா... நான் சொல்றதைக் கேளு. நீ எப்படியும் லீவு போட்டிருப்ப. குழந்தைக்கு ஆபரேஷன், அப்புறம் ஆறு மாசம் பாத்துக்கணும். அந்த போஸ்ட் சும்மாக் கெடந்திருக்கும். எனக்கு ரெண்டு தங்கை கல்யாணம் பாக்கி. உனக்குன்னா வீட்டுக்காரர் சம்பாத்யம் இருந்தது. நியாயமா யோசிச்சுப் பாத்தா யாருக்கும் நஷ்டம் இல்ல.

– ஆக, திருநெல்வேலின்னு சொன்னது பொய்.

– பொய்யின்னு ஏன் சொல்ற. ஒரு பேச்சுக்கு வந்துடுத்து.

– அதுக்கப்புறம் பதினாலு வருஷம் உங்க ரவுண்ட்ஸ்ல ரெண்டடி பின்னாடி நடந்தேன். நான் கிழிச்ச பித்தப்பைக்கெல்லாம் கட்டுரையில உங்க பேரு முதல்ல வந்துது. தஞ்சாவூர் கான்ஃபரன்ஸ்ல உங்களைப் பேசக் கூப்பிட்டாங்க, என்னை டிஃபன் கமிட்டியில போட்டாங்க. பொங்கல் குழைஞ்சுதுன்னு நீங்கதான் வந்து கம்ப்ளெயிண்ட் பண்ணீங்க.

– இப்போ என்ன பண்ணணும்ங்கற? கால்ல விழணுமா?

– வேண்டாம் சார், இடுப்பு பிடிச்சுக்கும். லெட்டர் டைப் அடிச்சே கொண்டு வந்திருப்பீங்களே.

– பெங்களூர்லயே அடிச்சுட்டேன். ரெண்டு காப்பி. கையெழுத்துதான் பாக்கி.

– போடறேன்.

– நிஜமாவா?

– போடறேன்னா போடறேன். ஆனா ஒரு கையால குடுத்தா இன்னொரு கையால வாங்கணும். எனக்கும் ஒரு லெட்டர் வேணும். உங்க பேனாவால, உங்க எழுத்துல. எண்பத்திரெண்டுல நடந்தது நடந்தபடி.

– விளையாடறியா? யாருக்கு அது? பேப்பர்காராளுக்கா?

– பேப்பர்காரன் எதுக்கு. கவர்ன்மெண்ட் வழக்கம் என்னவோ அதுதான். முறைப்படி மேலதிகாரிக்கு. ‘பெறுநர், டீன் அவர்கள்.’

– டீனுக்கா.

– ஆமா.

– இரு இரு. நீ இதுல கையெழுத்துப் போட்டுட்டா, நாளைக்கு டீன் யாரு?

– நீங்களே சொல்லுங்க சார்.

– அப்போ நான் எனக்கே லெட்டர் எழுதிக்கணும்ங்கற. நானே எழுதி, நானே பிரிச்சு, நானே படிக்கணும்.

– டீன் படிச்சாப் போதும் எனக்கு. காத்துல போன வார்த்தை காகிதத்துல வரணும். பதினாலு வருஷம் அதுக்குத்தான் காத்திருக்கேன்.

– இதான் சரோஜா. இதான் பொம்மனாட்டி மனசுங்கறது. காரியம் பெருசாத் தெரியாது, ஒரு வருத்தம் தெரிவிச்சாப் போறும், கண்ணு கலங்கிடும். சரி. எழுதினப்புறம் அது யார்கிட்ட இருக்கும்?

– நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு டீன் மேஜையில நானே கொண்டு வந்து வைக்கறேன். வேற எங்கயும் போகாது.

– டீன் மேஜையில.

– கபாலீஸ்வரர் மேல ஆணை.

– சரி. பேப்பர் குடு. பாஞ்சாலி, அந்தக் கண்ணாடியை எடு.

– தேதி போடுங்க. ரெண்டு, ஆறு, தொண்ணூத்தாறு. ‘டாக்டர் சரோஜாதேவி அவர்களுக்கு வந்த பதவி உயர்வு ஆணையில் சென்னை என்றே இருந்தது. அதை நான் படித்தேன்.’

– ‘பார்த்தேன்’னு போடறேனே.

– பாத்தா படம். படிச்சாதான் ஆர்டர். ‘படித்தேன்.’ ‘திருநெல்வேலி என்று அவரிடம்...’

– ‘தவறான தகவல் தந்தேன்.’

– ‘பொய் சொன்னேன்.’ சின்ன வார்த்தை சார், பெயிண்டர்கூட அதிகம் கேக்கமாட்டான்.

– ம். பொய் சொன்னேன். போறுமா?

– ‘அந்தப் பதவியை நான் பெற்றேன். ஆணையின் நகலைக் கோப்பிலிருந்து நான் எடுத்தேன்.’ நிறுத்தாதீங்க, மை காஞ்சுடும்.

– இது தேவையா?

– டீனுக்குத்தானே எழுதறீங்க. டீன்கிட்ட எதுக்கு மறைக்கணும்?

– அதுவும் சரிதான். எடுத்தேன். கையெழுத்து. தீந்தது.

– பாஞ்சாலி, சாட்சின்னு போட்டு நீயும் ஒரு கையெழுத்துப் போடு. அன்னிக்கு இருந்தவ.

– போடறேன். எனுக்கு இன்னா, சொம்மாக் கீறேன். ஆனா முதுவு யாரு குடுப்பாங்கோ, சாரா?

– வாயை மூடிண்டு மேஜை மேல வெச்சுப் போடு. சரோஜா, இப்போ உன்னுது.

– குடுங்க. எங்க, இங்கயா? போட்டாச்சு. இந்தாங்க.

– நன்னா இருப்ப நீ. பெருந்தன்மைன்னா இதான். முப்பதாம் தேதி எனக்கு நடக்கற பார்ட்டியில உன்னைத்தான் முதல்ல பேசச் சொல்லப் போறேன். எங்க என் கண்ணாடி... இது என்ன? கையெழுத்துக்குக் கீழ ‘டீன்’னு எழுதியிருக்க.

– ஆமா.

– ‘டீன் பதவி வேண்டாம்’னு மேல இருக்கு. கீழ டீன்னு போட்டா எப்படி? நல்ல வேளை, இன்னொரு காப்பி இருக்கு. அவசரப்படாம போடு.

– எத்தனை காப்பி வேணும்னாலும் குடுங்க சார், அப்படியேதான் போடுவேன். பதவியை ஏத்துக்கறதுக்கு முன்னாடிதான் வேண்டாம்னு எழுத முடியும். ஏத்துக்கிட்டவ எழுதினா அது வடை மடிக்கத்தான் ஆகும்.

– ஏத்துண்டியா? எப்போ? ஆர்டரே இன்னும் தபால்ல...

– வெள்ளிக்கிழமை நாலு மணியிலேர்ந்து ஏழு மணி வரைக்கும் கோட்டையில ஆர்டர் போடற செக்ஷன் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன். மறுபடி யாரும் கதவண்ட வந்து எனக்கு ஆர்டர் படிச்சுக் காட்ட வேண்டாம்னு. மை காயறதுக்குள்ள கையில வாங்கினேன். நேத்து சார்ஜ் எடுத்தேன். ஜூன் ஒண்ணு, முற்பகல், மணி ஒன்பது பத்து.

– நேத்து சனிக்கிழமை. ஒன்பது பத்துன்னா ராகு காலம்.

– அதான் நீங்க நிம்மதியா கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டீங்க. எவளாவது சனிக்கிழமை ராகு காலத்துல போயி டீன் நாற்காலியில உக்காருவாளான்னு.

– திங்கக்கிழமைக்கு முன்னாடி யாரும்... பஞ்சாங்கம் பாத்துத்தான் நானும் டிக்கெட் போட்டேன்.

– நான் தலபாடா அடிச்சிக்கினேன் சார். பத்தரைக்கு மேல போம்மா, சனிக்கெயம வேற, ராவு காலம் வேறன்னேன். ‘எனக்கு ராவு பத்ரி சார்தான், அவரு பெங்களூர்ல கீறாரு, இங்க இன்னா பயம்’னு சொல்லிக்கினே ஆட்டோல ஏறிட்டாங்கோ.

– ஒருத்தர்கூட எனக்கு ஃபோன் பண்ணலையே.

– எங்க பண்றது? வெளியூர் போற ப்ரொபசர் லீவு லெட்டர்ல முகவரி குடுக்கணும். நீங்க குடுக்கலை. நேத்து நான் கையெழுத்துப் போட்ட ரெண்டாவது ஃபைல் அது.

– சரோஜா, அந்தப் பேப்பரைக் குடு. பாரு... மேடம். குடுங்கோ.

– ‘நீங்க’ வந்துடுச்சு, பாஞ்சாலி. முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல முதல் தடவை.

– அதை என்ன பண்ணப் போறேள்?

– சொன்ன சொல் மாறமாட்டேன். நாளைக்கு ஒன்பது மணிக்கு டீன் மேஜையில இருக்கும். ஒன்பதரைக்கு உங்களுக்கு ஒரு மெமோ, கோட்டைக்கு ஒரு நகல்.

– விசாரணைன்னு வந்தா ரிடையர் ஆகவே விடமாட்டா. பென்ஷனை நிறுத்தி வெச்சுடுவா. என் கடைசிப் பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம்.

– என் பொண்ணுக்கு வால்வு.

– அவ நன்னாத்தானே இருக்கா இப்போ. தெய்வம் உங்களை விடலையே. ஒரு தடவை, ஒரே ஒரு தப்பு. ஒரு தடவை தப்பு பண்ணினவனைத் தெருவுல நிறுத்துவேளா?

– ஒரு தடவையா?

– பெருமாள் சத்தியமா.

– நேத்து சார்ஜ் எடுத்ததும் ஷாஹுல் ஹமீதோட பழைய பீரோவைத் திறக்கச் சொன்னேன். பதினேழு வருஷத்து வேண்டாம் லெட்டர் கட்டுக் கட்டா இருக்கு. நல்ல குமாஸ்தா அவரு. எந்த லெட்டர் யாரு கையால வந்துதுன்னு ஒவ்வொண்ணு ஓரத்துலயும் பென்சில்ல குறிச்சு வெச்சிருக்காரு. சிலதுல தபால். சிலதுல புருஷன். ஒண்ணுல மாமனார்.

– அதுக்கு?

– உங்க பேரு போட்டதுல மூணு ஈவ்லினோடது. ஒண்ணு அனஸ்தீஷியா ஸ்ரீலக்ஷ்மியோடது, அவளுக்கு ராமநாதபுரம்னு சொல்லியிருக்கீங்க. ராத்திரி எல்லாருக்கும் ஃபோன் பண்ணிக் கேட்டேன். ஊரு பேரு மட்டும்தான் வேற, கதவண்ட வந்து நின்னது ஒரே ஆளு. நீங்க டீன் ஆகற வழியில முன்னாடி நின்னவங்களை ஒவ்வொருத்தியா ஒதுக்கி விட்டிருக்கீங்க. நானும் இது என் ஒருத்திக்கு மட்டும் நடந்ததுன்னுதான் நேத்து வரைக்கும் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

– மேடம், நான் கெளம்பறேன். தலை சுத்தறது.

– உக்காருங்க. பாஞ்சாலி, சாருக்கு இன்னொரு காபி. அப்படியே அந்த வெள்ளைப் பேப்பர் கட்டையும் எடுத்துட்டு வா. பேனாவை மூடாதீங்க சார். ‘பத்ரி மூலம்’னு பென்சில்ல எழுதினது பதினொண்ணு. ஒண்ணு வரவு ஆச்சு. பாக்கி பத்து.